மேல்கொம்பைக்கு வந்த யானை

சன்னலைச் சாத்த வேண்டாமுங்க, காத்து வரட்டும். எனக்கு மலை ஏறுறப்பத்தான் கொமட்டும், எறங்குறப்ப ஒண்ணும் பண்ணாது. நீங்க மேட்டுப்பாளையந்தானுங்களே? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். பேசிக்கிட்டே போயிரலாம்.

பேரு பொங்கியண்ணன். ட்ரெய்னர் பொங்கியண்ணன்னு சொன்னா ஊருல பத்துப் பேருக்காச்சும் தெரியும். ஊட்டி ரோட்டுல பேக்கரிக்கு மேல மாடியில 'சிகரம் நேர்முகத் தேர்வுப் பயிற்சி மையம்'னு போர்டு பாத்திருப்பீங்க. போன மழையில மொத எழுத்து விழுந்துருச்சு, இப்ப வெறும் 'கரம்'னுதான் இருக்கும். அது நம்முளுதுதானுங்க.

அதுக்கு முன்னாடி பதினோரு வருசம் கோயமுத்தூர்ல ஒரு ஆசிரமத்துக்கு நன்கொடை தெரட்டுற வேலை. எல்லாம் போன்லதான். "வணக்கம்மா, சாப்பிட்டீங்களா? இங்க நாப்பது கொழந்தைங்க இன்னும் சாப்பிடல"ன்னு ஒரு குரல் கேட்டிருப்பீங்கல்ல? நானாக்கூட இருக்கலாமுங்க. மத்தியானம் ஒண்ணரை மணிக்குப் பண்ணுவேன். சோத்துல கைய வச்சிருக்கறவன் இல்லைன்னு சொல்ல மாட்டான். அப்பறம் அங்கிருந்து என்னை விட்டுட்டாங்க. கொழந்தைங்க பன்னெண்டே பேருதான்னு எவனோ எண்ணிப் பாத்துட்டான். அது வேற கதை.

இன்னிக்கு கோத்தகிரிக்கு எதுக்குப் போனேன்னா, ஒரு புள்ளை கூப்பிட்டிருந்துச்சு. ஷர்மிளான்னு பேரு. அந்தப் புள்ளைக்கு நான் செஞ்ச நல்லதை வெளிய சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, நியாயம் யாரு பக்கம்னு.

கோத்தகிரியில 'காட்டுச்சேதி'ன்னு ஒரு அறக்கட்டளை இருக்குதுங்க. ஆதிவாசி சனங்களே நடத்துற ரேடியோ. இருளர், குறும்பர், கோத்தர்னு அவங்கவங்க பாஷையில பேசுவாங்க. பாட்டு, பச்சைத் தேயிலை வெலை, எந்தச் சோலையில யானை நிக்குதுங்கற வரைக்கும் சொல்லுவாங்க. வீடியோவும் எடுக்கறாங்க. அதுல நிதி தெரட்டுற பிரிவுக்குத் தலைவர் வேணும்னு வெளம்பரம் குடுத்தாங்க. ஷர்மிளா அங்க ஒம்பது வருசமா வேலை பாக்குற புள்ளை. இருளர். பி.காம் படிச்சது, கிராமம் கிராமமாப் போயி ரேடியோவுக்குச் சந்தா வாங்கிட்டிருந்துச்சு. ஆனா பணம் குடுக்குற பெங்களூர்க்காரங்க, 'எல்லாரும் அப்ளிகேசன் போடட்டும், பொதுவாத்தான் எடுக்கணும்'னுட்டாங்க. புள்ளைக்கு இண்டர்வியூன்னா பயம். நம்மகிட்ட ஆறு வாரப் பயிற்சிக்கு வந்து சேந்துச்சு. அப்ப நம்மகிட்ட மொத்தமே ரெண்டு பேருதானுங்க. இன்னொருத்தன் என்ர மச்சினன் பையன்.

மொத நாளு பேரு கேட்டேன். "ஷர்மிளாங்க சார்"ன்னுச்சு. எனக்குப் பொசுக்குன்னு போயிருச்சு.

"வேற பேரு இருக்குதுங்களா அம்மணி? வீட்டுல கூப்புடற பேரு? மலைப் பேரு மாதிரி?"

"வீட்டுல ஷாமின்னு கூப்புடுவாங்க சார்."

"அம்மா பேரு?"

"ஹேமலதா."

என்னங்க பண்றது? ஒரு காட்டுக் குடும்பத்துல ஒருத்தருக்காச்சும் காட்டுப் பேரு இருக்க வேண்டாமுங்களா? சரி, பேரு போச்சு, கதையாவது தேறும்னு, "வாழ்க்கையில நீங்க பட்ட பெரிய கஷ்டத்தைச் சொல்லுங்க"ன்னேன். இது நான் எல்லாருகிட்டயும் கேக்குற கேள்வி.

புள்ளை நல்லா யோசிச்சுச்சு. "போன ஆடியில இடி விழுந்து டிரான்ஸ்மிட்டர் போயிருச்சுங்க சார். ஒம்பது நாளு ஒலிபரப்பே இல்லை. நானும் எங்க ஸ்டுடியோவுல இருக்கற ஜூலியும் பெங்களூர் போயி..."

"மெசினு கஷ்டமெல்லாம் வேண்டாம் அம்மணி. மனுசக் கஷ்டம் சொல்லுங்க. அப்பா என்ன பண்றாரு?"

"தபால்காரரா இருந்தாருங்க. ரிட்டயர்டு. பென்சன் வருது."

"குடிப்பாரா?"

"இல்லைங்க சார்."

"சுகரு, பிரஸ்ஸரு?"

"இல்லைங்க."

"யானை கீனை தொரத்தியிருக்குமே?"

"ஒருதடவை எதுத்தாப்புல வந்துருச்சுங்க. அப்பா தபால் பையைப் போட்டுட்டு ஓடிட்டாரு. யானை பையை மோந்து பாத்துட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. மறுநாள் போயி எடுத்து எல்லாத் தபாலையும் குடுத்துட்டாரு." சொல்லிட்டு சிரிக்குது.

ஏனுங்க, எப்பேர்ப்பட்ட கதை! ஆசிரமத்துல இருந்தப்ப இந்த மாதிரி ஒண்ணு கெடைச்சிருந்தா ஒரு வருசம் ஓட்டியிருப்பேன். "யானை பையை மிதிச்சுருச்சுன்னு வச்சுக்கலாம் அம்மணி"ன்னேன்.

"மிதிக்கலைங்க சார்."

"மிதிச்சிருக்கலாமில்ல?"

"மிதிச்சிருந்தா அப்பா சொல்லியிருப்பாருங்க."

இப்படித்தான் ஆறு வாரமும். நான் என்ன சொன்னாலும் அந்தப் புள்ளை "நடக்கலைங்க சார்", "இல்லைங்க சார்"ங்கும். அழுவறது எப்படின்னு ஒரு வகுப்பு வச்சேன். அழச் சொல்லல, அழுகையை அடக்குற மாதிரி சொல்றது எப்படின்னு. அதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. புள்ளை மூணு தடவை முயற்சி பண்ணிச்சு, மூணு தடவையும் தும்மல் வர்ற மாதிரி இருந்துச்சு. அது கையில ஒரு திட்டம் வச்சிருந்துச்சு. "எங்க சனங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கணும் சார். அவங்களுக்கு ரேடியோ எதுக்கு வேணும்னு அவங்களே சொல்லி, அவங்களே கொஞ்சம் குடுத்தா, வெளிய இருக்கறவங்க நம்பிக் குடுப்பாங்க"ன்னு. ஒரு பைல் நெறைய எழுதி வச்சிருந்துச்சு. நான் சொன்னேன், "அம்மணி, உலகத்துல குடுக்கறவங்க ஒரு பக்கம், வாங்கறவங்க ஒரு பக்கம். ரெண்டையும் கலந்தா கொழப்பம்." எழுதிக்கிச்சு. எதுக்கு எழுதிக்கிச்சோ தெரியல.

அஞ்சாவது வாரம் அதோட அப்பா வந்தாரு, புள்ளையைக் கூட்டிட்டுப் போக. மாடிப்படி ஏறி வந்த களைப்பு. பெஞ்சுல ஒக்காந்து தலையைத் தொங்கப்போட்டு ஒரு நிமிசம் கண்ணை மூடினாரு. பேக்கரி அடுப்புப் பொகை சன்னல் வழியா உள்ள வருது, மேக்கால வெயிலு மொகத்துல விழுகுது. நான் போன்ல பட்டுன்னு ஒண்ணு எடுத்துட்டேன். சாமி சத்தியமா சொல்றேன், அப்படி ஒரு படம் எனக்கு வாழ்க்கையில அமைஞ்சதில்லை. மனுசன் எந்திரிச்சு, சட்டையை இழுத்துவிட்டு, "போலாமா கண்ணு"ன்னுட்டு போயிட்டாரு.

மறுநாளு புள்ளைகிட்டக் காட்டினேன். "இதை இண்டர்வியூல போட்டுக் காட்டுங்க, மீதியை நான் எழுதித் தர்றேன்"ன்னேன். பாத்துச்சு. "அப்பா தூங்கிட்டிருக்காருங்க சார். வேண்டாம்"ன்னுச்சு. அவ்வளவுதான். நல்ல சரக்கை வேண்டாங்கறவங்களை என்ன பண்றது?

இப்ப நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. அந்த வெளம்பரத்தோட நகல் ஒண்ணு நம்ம மேசையில இருந்துச்சு. சம்பளம் எவ்வளவு போட்டிருந்தாங்கன்னா... வேண்டாம், சொன்னா நீங்களும் போட்டுருவீங்க. தினமும் அதைப் பாத்துப் பாத்து எனக்கு ஒரு கவலை வந்துருச்சு. இந்தப் புள்ளை சிரிச்சுக்கிட்டே போயி கெடுத்துக்கப் போகுது. எவனோ மெட்ராஸ்காரன் வந்து ஒக்காந்துக்குவான். அதுக்கு பதிலா அந்தப் புள்ளையைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தன் அந்த எடத்துல இருந்தா, அதுக்கும் ஒரு பாதுகாப்புதானே? அந்த எண்ணத்துலதானுங்க நானும் அப்ளிகேசன் போட்டேன்.

வீட்டுக்காரிகிட்டச் சொன்னப்ப, "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா. "இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்"னேன். அவ பாத்திரம் கழுவப் போயிட்டா. அவளுக்கும் சம்மதம்னுதான் எடுத்துக்கிட்டேன்.

இண்டர்வியூ அன்னைக்கு கோத்தகிரியில சாரல். காட்டுச்சேதி ஆபீஸ் ஒரு பழைய தேயிலைக் குடோனுங்க. பலகைத் தடுப்புப் போட்டு, ஒரு பக்கம் ஸ்டுடியோ, ஒரு பக்கம் மீட்டிங் ரூம், முன்னாடி காத்திருக்கற எடம். அங்க சுவத்துல ஒரு ஸ்பீக்கர் சன்னமாப் பாடிட்டே இருக்கும். உள்ள போறேன், ஷர்மிளா ஒக்காந்திருக்குது. மடியில பைலு.

"சார்! நீங்க எங்க இங்க?"

"உங்களுக்குத் தொணைக்கு வந்தேன் அம்மணி"ன்னேன். என்ன சொல்றதுன்னு தெரியல, வாயில வந்துருச்சு. புள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. "இவ்வளவு தூரம் எனக்காக வந்தீங்களா சார்"ன்னு எந்திரிச்சு நின்னுருச்சு. ஆறு வாரமா வராத கண்ணீரு அன்னைக்கு வந்துச்சு.

அதே நேரம் கதவு தொறந்து ஒருத்தர் தலைய நீட்டி, "மொதல்ல பொங்கியண்ணன் வாங்க"ன்னாரு.

நான் ஷர்மிளா பக்கம் திரும்பியே பாக்கல. நேரா உள்ள போயிட்டேன்.

உள்ள ரெண்டு பேரு. ஒருத்தர் மாதன், அறக்கட்டளைத் தலைவரு. குறும்பர், அறுபது வயசிருக்கும், பழைய கேமராக்காரரு. இன்னொருத்தங்க பெங்களூர்லருந்து வசுந்தரா மேடம், பணம் குடுக்குறவங்க சார்புல. "நாங்க எல்லாத்தையும் பதிவு பண்றது வழக்கம், உங்களுக்குச் சம்மதமா?"ன்னு கேட்டாங்க. ரெண்டு கேமரா இருந்துச்சு. "தாராளமா பண்ணுங்க"ன்னு எந்தக் கேமரா நம்ம நல்ல பக்கம்னு பாத்து ஒக்காந்தேன்.

பதினோரு வருச அனுபவத்தைச் சொன்னேன். கொழந்தைங்க எண்ணிக்கையைச் சொல்லல. அப்பறம் நான் லாப்டாப்ல தயார் பண்ணிட்டுப் போன படக்காட்சியை அங்கிருந்த டிவியில போட்டேன். மொதல் பக்கம், கறுப்புல வெள்ளை எழுத்து: 'குரலற்றவர்களின் குரல்.' பின்னாடி வயலின்.

மாதன் கையைத் தூக்கினாரு. "யாருக்குங்க கொரல் இல்லை?"

"உங்க மக்களுக்குத்தான் ஐயா."

"நாங்க தெனமும் பதினாலு மணி நேரம் பேசிட்டிருக்கோமுங்களே. ரேடியோதானுங்களே நடத்தறோம்."

"அது பேச்சுங்க ஐயா. நான் சொல்றது கொரல்"ன்னேன். நல்ல பதில் இல்லைங்களா? இன்னிக்கும் எனக்கு அந்தப் பதில் புடிக்கும்.

ரெண்டாவது பக்கம். அந்தப் படம். ஆமாங்க, ரங்கன் படந்தான். ரங்கன்னா ஷர்மிளாவோட அப்பா. கலரை எடுத்துட்டு கறுப்பு வெள்ளையா மாத்தியிருந்தேன். அந்தப் புள்ளை வேண்டாம்னுச்சு, சரி. ஆனா படத்தை எடுத்தது நானு, அது வீணாப் போகலாமுங்களா? கீழ எழுதியிருந்தேன்: 'பெயர் அறியா முதியவர். யானை மிதித்த வீடு. எஞ்சியது பெருமூச்சு மட்டுமே.' வயலின் இங்க ஏறும்.

வசுந்தரா மேடம் மொகம் மாறிச்சு. புடிச்சுட்டோம்டான்னு நெனைச்சேன். மாதன் கண்ணாடியைத் தொடச்சு மாட்டிக்கிட்டு, எந்திரிச்சு, டிவி பக்கத்துல போயி நின்னாரு.

"இது நம்ம ரங்கனாச்சே?"

"எந்த ரங்கன்?"ன்னு மேடம் கேட்டாங்க.

"போஸ்ட்மேன் ரங்கனுங்க. மேல்கொம்பை ஊருக்காரரு. முப்பத்திரண்டு வருசம் இந்த மலை முச்சூடும் நடந்தே தபால் குடுத்தவரு." என் பக்கம் திரும்பினாரு. "பெயர் அறியான்னு போட்டிருக்கீங்க. இந்த மலையில இவரு பேரு தெரியாத ஆளு நீங்க ஒருத்தர்தானுங்க." கோவமாச் சொல்லலைங்க. கவலையாத்தான் சொன்னாரு. "யானை எப்ப மிதிச்சுது? முந்தாநேத்துக்கூட சந்தையில பாத்தேன், ஒண்ணும் சொல்லலியே?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரு பலகைத் தடுப்புக்கிட்டப் போயி, அந்தப் பக்கம் ஸ்டுடியோவுல ஒக்காந்திருந்த ஜூலியைக் கூப்பிட்டாரு. "ஜூலி, மேல்கொம்பையில ரங்கன் வீட்டுக்கு யானை வந்துச்சா?"

ஜூலி காதுல ஹெட்போன் மாட்டியிருக்குது. 'வந்துச்சா'ங்கறது அதுக்கு 'வந்துச்சு'ன்னு கேட்டிருக்குது. ஒரே ஒரு எழுத்துங்க. ஓடிட்டிருந்த பாட்டு பட்டுன்னு நின்னுச்சு. இருளர் பாஷையில ஒரு அறிவிப்பு, குறும்பர் பாஷையில ஒண்ணு, தமிழ்ல ஒண்ணு: "மேல்கொம்பையில ரங்கன் வீட்டுக்கிட்ட யானை. யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க. புள்ளைங்களை வெளிய விடாதீங்க."

அப்பறம் நடந்ததை நான் சன்னல் வழியாப் பாத்தேனுங்க. எதுத்தாப்புல தேயிலை மேடு. கூடையைப் போட்டுட்டு பொம்பளைங்க வரிசையா எறங்கறாங்க. ஒருத்தரு ஓடல, ஒருத்தரு கத்தல, ஆனா மேடு பூரா காலி. பள்ளிக்கூடத்து கேட்டு சாத்தற சத்தம். மினிபஸ்ஸு நடுரோட்டுல நின்னு திரும்புது. வனத்துறை ஜீப்பு சைரன் போட்டுட்டு மேல போகுது. ஏழு நிமிசங்க. கடிகாரத்தைப் பாத்தேன். ஏழே நிமிசம். நான் பதினோரு வருசம் போன் பண்ணியும் என் பேச்சைக் கேட்டு இத்தனை பேரு அசைஞ்சதில்லை.

வெளிய ஷர்மிளா ஸ்பீக்கர்ல அதைக் கேட்டிருக்குது. அது வீடுங்க. அதோட அம்மா உள்ள இருக்காங்க. கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்துச்சு, மொகம் வெளுத்துப் போயி. வந்து நின்ன எடத்துக்கு நேரா டிவி. டிவியில அதோட அப்பா. கீழ நான் எழுதினது.

படிச்சுச்சு. என்னையப் பாத்துச்சு.

ஆனா பாருங்க, அந்த நேரத்துலயும் அது மொதல்ல செஞ்சது வீட்டுக்குப் போன் போட்டதுதான். "அம்மா, வெளிய யானை நிக்குதா? எட்டிப் பாக்காதே, சன்னல் வழியாப் பாரு." அப்பறம் அப்பாவுக்கு. அவரு ரேசன் கடை வரிசையில நின்னுட்டிருந்தாராம். யானை இல்லைன்னு தெரிஞ்சதும் நேரா ஸ்டுடியோவுக்குள்ள போயி மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கிச்சு. இருளர் பாஷையில பேசிச்சு, தமிழ்ல பேசிச்சு. "நான் ரங்கன் மக பேசறேன். எங்க வீட்டுக்கிட்ட யானை இல்லை. தப்பான செய்தி போயிருச்சு. தப்பு எங்க ஆபீஸ்ல நடந்துச்சு. எப்படி நடந்துச்சுன்னு சாயங்காலம் செய்தியில சொல்றோம். வேலையை விட்டு எறங்குனவங்க மன்னிச்சுக்குங்க." கொரல் ஒரு எடத்துலகூட நடுங்கல. ஆறு வாரம் நான் சொல்லிக்குடுத்தும் அது நடுங்கலைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

வசுந்தரா மேடம் சன்னலையே பாத்துட்டிருந்தாங்க. பொம்பளைங்க மறுபடியும் மேட்டுல ஏறறாங்க. "ஒரு வார்த்தைக்கு எறங்குனாங்க, ஒரு வார்த்தைக்கு ஏறறாங்க"ன்னாங்க. "இவங்கள்ல எத்தனை பேரு உங்களுக்குச் சந்தா குடுக்கறாங்க?"

"அது ஷர்மிளாவைத்தானுங்க கேக்கணும்"னாரு மாதன்.

அந்தப் புள்ளையோட இண்டர்வியூ அங்கயே ஆரம்பிச்சுருச்சுங்க. நான் இன்னும் நாற்காலியில ஒக்காந்திருக்கேன். என் வயலின் வேற ஓடிட்டிருக்குது, எப்படி நிறுத்தறதுன்னு பதட்டத்துல தெரியல. கடைசியில மாதன்தான் வந்து ஒயரைப் புடுங்கினாரு.

வேலை ஷர்மிளாவுக்குத்தான். இப்பச் சொல்லுங்க. அன்னைக்கு நான் அந்தப் படத்தைப் போடலைன்னா யானை வந்திருக்குமா? யானை வரலைன்னா தேயிலை மேடு காலியாகியிருக்குமா? அந்த மேடத்துக்கு ரேடியோவோட சக்தி கண்ணு முன்னாடி தெரிஞ்சிருக்குமா? அந்த வாய்ப்பை உருவாக்குனது யாரு? ஒரு நன்றி, ஒரே ஒரு நன்றி சொல்லலைங்க அந்தப் புள்ளை. வெளிய வந்து, "சார், எங்கப்பா படத்தை அழிச்சிருங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. அது கண்ணு முன்னாடியே போன்ல அழிச்சேன். லாப்டாப்ல இருக்குது. அதைப் பத்தி அது கேக்கல.

அன்னைக்கு சாயங்காலச் செய்தியில என் பேரைச் சொல்லியிருக்காங்க. 'நேர்முகத் தேர்வுக்கு வந்த ஒருவர் காட்டிய தவறான தகவலால்'னு தான் சொன்னாங்கன்னு மச்சினன் பையன் சொல்றான். பேரு இல்லையாம். எனக்கென்னமோ பேரு சொல்லியிருப்பாங்கன்னுதான் தோணுது.

மூணு மாசம் கழிச்சு போன வாரம் அந்தப் புள்ளைகிட்ட இருந்து தபால். இப்ப அது நிதிப் பிரிவுக்குத் தலைவரு, அச்சடிச்ச தாளு. நிதி தெரட்டப் புதுசா ஆளு சேத்தியிருக்காங்களாம். அவங்களுக்குப் பயிற்சி. அதுல என்னோட இண்டர்வியூ பதிவைப் போட்டுக் காட்டணுமாம், அதுக்கு என் அனுமதி வேணுமாம். தபாலை வீட்டுக்காரிகிட்ட நீட்டினேன். "பாரு, என்னைய வச்சுப் பாடம் நடத்தறாங்க"ன்னேன். அவ ரெண்டு தடவை படிச்சா. "போகாதீங்க"ன்னா. பொறாமை.

இன்னிக்குப் போனேன். கையெழுத்துப் போட மூணு பாரம் நீட்டிச்சு. எங்கெங்க காட்டுவாங்க, எத்தனை வருசம் வச்சிருப்பாங்க, வேண்டாம்னு தோணுனா எப்ப வேணா நிறுத்திக்கலாம், எல்லாம் எழுதியிருக்குது. "ஒரு ஆளோட படத்தைப் போட இத்தனை கையெழுத்தா அம்மணி?"ன்னு சிரிச்சேன். அது சிரிக்கல.

"உங்க மொகத்தை மறைச்சுரட்டுங்களா சார்? பேரையும் எடுத்துரலாம். யாருக்கும் தெரியாது."

"எதுக்கு மறைக்கணும்? பேரு போடுங்க, கீழ போன் நம்பரும் போடுங்க"ன்னேன். "நல்லா யோசிச்சுட்டுச் சொல்லுங்க சார்"ன்னுச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.

வந்ததுதான் வந்தீங்க, விருப்பமிருந்தா வகுப்புல ஒக்காந்து பாருங்கன்னாங்க. பதினெட்டுப் பேரு. ஷர்மிளா பதிவைப் போட்டுச்சு. 'குரலற்றவர்களின் குரல்'னு வந்ததுமே ஒருத்தன் களுக்குன்னான். 'அது பேச்சு, நான் சொல்றது கொரல்'ங்கற எடத்துல கூடமே சிரிச்சுருச்சு. வயலினை நிறுத்தத் தெரியாம நான் தடவுற எடத்துல, பின்னாடி ஒரு அம்மா சேலைத் தலைப்பை வாயில வச்சுக் குலுங்கறாங்க. நானும் சிரிச்சேனுங்க. கூட்டத்தோட சிரிக்கலைன்னா நல்லா இருக்காதில்ல. ஷர்மிளாதான் நடுவுல நிறுத்தி, "சிரிக்கறதுக்காகக் காட்டல. அவரு இங்கயே இருக்காரு. கேள்வி இருந்தா அவரையே கேளுங்க"ன்னுச்சு.

ஒரு பொம்பளை எந்திரிச்சாங்க. நாப்பது, நாப்பத்தஞ்சு வயசிருக்கும். பாப்பின்னு பேரு, இருளர். போன மாசம் வரைக்கும் தேயிலை பறிச்சவங்களாம், வெரல் நகமெல்லாம் கறுப்பு. அன்னைக்கு அந்த மேட்டுல இருந்து எறங்குனவங்கள்ல ஒருத்தங்க. அவங்க சிரிக்கல.

"சார், ரங்கண்ணன் உங்க ஆபீஸ்ல வந்து ஒக்காந்திருந்தாருன்னு ஷாமி சொல்லுச்சு. எத்தனை நேரம் இருந்தாருங்க?"

"கால் மணி நேரம் இருப்பாருங்க."

"நீங்க பேரு கேக்கலீங்களா?"

"கேக்கலீங்க"ன்னேன்.

"ஏனுங்க?"

ஏனுங்க, மனுசனுக்கு ஆயிரம் வேலை. வெயிலு போயிட்டிருக்குது, வெளிச்சம் மாறறதுக்குள்ள படம் எடுக்கணும். அதைச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். "தோணலைங்க"ன்னு வந்துருச்சு. எனக்கே தெரியல எப்படி வந்துச்சுன்னு. அவங்க தலையை ஆட்டிக்கிட்டு ஒக்காந்து, மடியில இருந்த நோட்டுல எழுதினாங்க. மெதுவா, எழுத்து எழுத்தா.

வகுப்பு முடிஞ்சு டீ குடுக்கறப்ப அவங்க பக்கத்துல போயி நின்னேன். "என்னம்மா எழுதினீங்க என்னையப் பத்தி?"ன்னு தமாஷாக் கேட்டேன். நோட்டை நீட்டினாங்க. "எங்க பாஷையில எழுதியிருக்கேனுங்க"ன்னாங்க. தமிழ் எழுத்துத்தானுங்க, ஒவ்வொண்ணாப் படிச்சேன். படிக்க வருது, ஒண்ணும் புரியல. "என்ன அர்த்தம்?"ன்னேன். அதுக்குள்ள அவங்களை யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டாங்க. போறதுக்கு முன்னாடி நோட்டைப் போட்டோ எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன், அதுக்குச் சரின்னு தலையை ஆட்டினாங்க. கேட்டுட்டுத்தானுங்க எடுத்தேன்.

இதோ பாருங்க. ரெண்டே வரி. பெருசாக்கிப் பாருங்க, தெளிவாத்தான் இருக்குது. உங்களுக்கு இருளர் பாஷை தெரியுங்களா? தெரிஞ்சவங்க யாராச்சும்? இல்லைங்களா? கண்டக்டரைக் கேட்டேன், அவருக்கும் தெரியலை. நடுவுல ஒரு வார்த்தை மட்டுந்தான் எனக்குப் புரியுது. என் பேரு.